பொழுதும் மணியும்: பேராக் கித்தாத் தோட்டங்களில் காலம்

தைப்பிங் ஏரிப் பூங்காவின் கரையோரச் சாலையில், நீரை நோக்கிக் கிளை தாழ்த்தி நிற்கும் பெருமரங்களைப் பேராக் மாநில மாணவருள் காணாதவர் அரியர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியில் அங்கு நடப்பட்ட அம்மரங்கள் தென்னமெரிக்க இனத்தைச் சேர்ந்தவை. தமிழர் அவ்வினத்துக்கு இட்ட பெயர் தூங்குமூஞ்சி மரம். மலாய்மொழியில் அதற்கு வழங்கும் பெயர்களுள் ஒன்று 'புக்குல் லீமா'; ஐந்து மணி என்பது அதன் பொருள். மாலை சாயும்போது அதன் சிற்றிலைகள் இணையிணையாக மடிந்து தொங்குகின்றன. விடியலில் மீண்டும் விரிகின்றன. இரண்டு பெயர்களுக்கும் காரணம் இதுவே. ஒரே நிகழ்ச்சியை ஒரு மொழி உறக்கமாகக் கண்டது. மற்றொன்று கடிகார எண்ணாகக் கண்டது.

இன்று மழைமூட்டம் இல்லாத நாளில் ஐந்து மணிக்கு அச்சாலையில் நிற்பவர், விரிந்த இலைகளையே காண்பார். மரம் தன் வழக்கத்தை மாற்றிக்கொள்ளவில்லை. பெயரிட்டவரும் பிழை செய்யவில்லை. இடைப்பட்ட காலத்தில் மலாயாவின் கடிகார முட்கள் மீண்டும் மீண்டும் முன்னே தள்ளப்பட்டன. கதிரவனின் போக்கைக்கொண்டு கணக்கிட்டால், அன்றைய ஐந்து மணி இன்றைய ஆறேகால் மணி ஆகும். மரத்தின் பொழுதுக்கும் சுவரில் தொங்கும் மணிக்கும் இடையே ஒரு நூற்றாண்டில் விளைந்த இவ்விடைவெளியையும், அதன் நடுவே வாழ்ந்த கித்தாத் தோட்டத் தமிழரின் உடலையும் மொழியையும் பற்றியே இங்கு நாம் பேசப் புகுகிறோம்.

சொற்களிலிருந்து தொடங்குவது நம் தொழில் வழக்கம். 'மணி' என்பது தமிழில் நேரத்தைக் குறிக்கும் முன்பே ஒலிக்கும் பொருளைக் குறித்தது. கடிகாரம் பரவிய பின்னரே அப்பொருள் எழுப்பும் ஒலியின் எண்ணிக்கை நேரத்துக்குப் பெயராயிற்று. மலாய்ச் சொல்லாகிய 'புக்குல்' என்பதற்கு அடித்தல் என்பதே அடிப்படைப் பொருள். ஆக, தொடர்பற்ற இரு மொழிக்குடும்பங்கள் கடிகார நேரத்துக்கு ஒரே வழியில் பெயர் கண்டுள்ளன. இரண்டிலும் நேரம் என்பது ஒருவர் அடிக்க மற்றவர் கேட்பது. 'பொழுது' அத்தகையதன்று. பொழுது புலர்ந்தது, பொழுது ஏறிவிட்டது, பொழுது சாய்ந்தது என்னும் தொடர்களில் எழுவாயாக நிற்பது கதிரவனே. நேரம் என்ற பொருளும் கதிரவன் என்ற பொருளும் அச்சொல்லில் பிரிக்க இயலாதவாறு பிணைந்துள்ளன.

பொழுதுக்கும் மணிக்கும் அப்பால் மூன்றாவதான ஒரு காலமும் உண்டு. அது உயிரினத்தின் உள்ளே ஓடுவது. அதன் வரலாறு, நம்மவர் அன்றாடம் குழம்பில் கரைக்கும் புளியின் மரத்திலிருந்து தொடங்குகிறது என்பது பலர் அறியாத செய்தி. கி.மு. நான்காம் நூற்றாண்டில் அலெக்சாந்தரின் படையைச் சேர்ந்த அந்திரோசுதெனீசு என்பவர், இன்று பஃறைன் எனப்படும் தீவில் ஒரு மரம் இரவில் இலை மூடிப் பகலில் திறப்பதைக் குறித்து வைத்தார். அவர் கண்டது புளியமரம் என்பர் ஆய்வாளர். கதிரவன் மறைவதால் இலை மூடுகிறது என்று எவரும் எளிதாக விளக்கம் சொல்லிவிடலாம். இரண்டாயிரம் ஆண்டுகள் அவ்விளக்கமே போதுமானதாக இருந்தது.

1729இல் பிரான்சு நாட்டு வானியலாளர் தெ மேரான் அதைச் சோதித்துப் பார்த்தார். நம் தோட்டத்துப் பாதையோரங்களில் களையாக மண்டிக் கிடக்கும் தொட்டாற்சுருங்கி போன்ற செடியொன்றை ஒளி புகாத இடத்தில் வைத்தார். இருளிலும் அது பகற்பொழுதில் இலை விரித்தது, இரவில் மூடியது. செடி எவ்வாறோ கதிரவனைக் காணாமலேயே உணர்கிறது என்று அவர் எண்ணினார். அந்த எண்ணத்தை அசைத்தவர் சுவிட்சர்லாந்தின் தெ கந்தோல். 1832இல் அவர் வெளியிட்ட செய்தி நுட்பமானது: இடையறாத ஒளியில் வைத்த செடி இலையை மூடித் திறக்க எடுத்துக்கொண்டது 24 மணி நேரமன்று, 22 அல்லது 23 மணி நேரமே. கதிரவனை எவ்வகையிலேனும் உணர்ந்திருந்தால் சுற்று சரியாக 24 ஆக இருந்திருக்க வேண்டும். அவ்வாறு இல்லாமையே, கடிகாரம் செடிக்குள்ளேயே இருக்கிறது என்பதற்குச் சான்றாயிற்று.

1959இல் ஃபிரான்சு ஆல்பெர்கு என்னும் அறிஞர் இதற்குப் பெயர் சூட்டியபோது 'சர்க்கா', 'தியேசு' என்னும் இரு இலத்தீன் சொற்களை இணைத்துச் 'சர்க்கேடியன்' என்றார். முன்னதற்கு 'ஏறத்தாழ' என்றும் பின்னதற்கு 'நாள்' என்றும் பொருள். தமிழில் இதனைத் 'தினசரிச் சுழற்சி' என்று பெயர்த்தால் அந்த 'ஏறத்தாழ' விழுந்துவிடுகிறது. விழக்கூடாத பகுதி அதுதான். உள்ளிருக்கும் கடிகாரம் நாளுக்கு மிக அருகில் ஓடும், ஆயினும் நாளாகவே ஓடாது. ஆகவே நாள்தோறும் வெளியிலிருந்து ஒளி அதனைத் திருத்த வேண்டும். 'நாளொட்டிய சுழற்சி' என்றோ 'நாளொட்டு' என்றோ வழங்கினால் பொருள் நிற்கும் என்பது நம் கருத்து. அறிவியல் ஆசிரியர்கள் எண்ணிப் பார்க்கவும்.

தூங்குமூஞ்சி மரமும் இவ்வாய்வில் தனக்கென ஓரிடம் பெற்றது. 1970களில் அமெரிக்காவில் ரூத் சாட்டர், ஆர்தர் கால்சுட்டன் முதலியோர், இலைக்காம்பின் அடியிலுள்ள புடைப்பில் பொட்டாசியமும் நீரும் ஒரு பக்கத்து அணுக்களிலிருந்து மறுபக்கத்துக்கு இடம் மாறுவதாலேயே இலை மடிகிறது என்றும், இருளில் வைத்தாலும் அச்சுற்று தொடர்கிறது என்றும் காட்டினர். மனிதரில் இக்கடிகாரத்தின் தலைமையகம் மூளையின் அடியில், இரு கண்நரம்புகளும் குறுக்கிடும் இடத்துக்குச் சற்று மேலே, ஏறத்தாழ 20,000 நரம்பணுக்கள் கொண்ட ஓர் இணைத்திரளாக அமைந்துள்ளது. பெரும்பாலோரிடம் அது 24 மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாக ஓடுகிறது. காலை ஒளி அதனை முன்னிழுக்கிறது. இரவில் படும் ஒளி பின்தள்ளுகிறது. பழ ஈயின் மரபணுக்களில் இக்கடிகாரத்தின் இயங்குமுறையைக் கண்ட மூவருக்கு 2017இல் மருத்துவத்துக்கான நோபல் பரிசு கிடைத்தது.

இவ்விடத்தில் ஒன்று சொல்லிவிட வேண்டும். தொல்காப்பியருக்கு உயிர்க்கடிகாரம் தெரியும் என்று மேடையில் முழங்குவோர் இருக்கிறார்கள். அவ்வரிசையில் நாம் நிற்கவில்லை. நாளை வைகறை, விடியல், நண்பகல், எற்பாடு, மாலை, யாமம் எனப் பகுத்து, ஒவ்வொன்றையும் ஒரு நிலத்துக்கு உரியதாக்கிய மரபு வேறோர் அறிவு. குறிஞ்சிக்கு யாமம், முல்லைக்கு மாலை, மருதத்துக்கு வைகறையும் விடியலும் என்று அது கூறும்போது, ஓரிடத்து உயிர்களின் செயலுக்கும் நாளின் ஒரு பகுதிக்கும் உறவு உண்டு என்பதை இலக்கியத்தின் இலக்கணமாக ஏற்கிறது. சிறு துளைவழி நீர் கசியும் கன்னல் கொண்டு நாழிகை அளந்தோரும் நம் பழம்பாட்டில் உண்டு. ஆயினும் நாளுக்கு அறுபது நாழிகை என்னும் அவ்வளவுங்கூட அந்தந்த ஊரின் கதிரவனையே சார்ந்திருந்தது. இந்தப் பொழுதுச் சொற்களோடுதான் தமிழ்த் தொழிலாளர் கப்பலேறினர்.

அவர்கள் வந்து சேர்ந்த காட்டுக்கும் ஒரு பொழுது இருந்தது. 1877இல் சிங்கப்பூருக்கு வந்து சேர்ந்த ரப்பர்க் கன்றுகள் 22. அவற்றுள் 9 கன்றுகள் பேராக் மாநிலத்துக் கோலகங்சாரில், ஆங்கிலேய ஆட்சிப் பேராளர் இயூ லோ இல்லத்தோட்டத்தில் நடப்பட்டன. அத்தலைமுறை மரமொன்று இன்றும் அந்நகரின் மாவட்ட அலுவலகத்தருகே நிற்கிறது. மரத்தைக் கொல்லாமல் பட்டையை மெல்லச் சீவிப் பால் எடுக்கும் முறையைச் சிங்கப்பூர்ப் பூங்காவின் இயக்குநர் என்றி ரிட்லி வகுத்தளித்தார். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ரப்பர் விலை ஏறியதும், மலாயாவின் மேற்குக் கரையெங்கும் கித்தாக் காடுகள் எழுந்தன. 'கித்தா' என்பதே 'கெத்தா' என்னும் மலாய்ச் சொல்லின் தமிழ்வடிவம்.

பால்மரத்தைச் சீவ வேண்டிய நேரத்தை நிர்ணயித்தது தோட்ட நிர்வாகமன்று, மரமே. பகலில் இலைத்துளைகள் திறந்திருக்க, அவற்றின்வழி நீர் ஆவியாகிறது. பட்டைக்குள்ளிருக்கும் பாற்குழாய்களும் நீரிழந்து தளர்கின்றன. இரவில் துளைகள் மூட, வேர் உறிஞ்சும் நீர் தங்கிக் குழாய்கள் விம்முகின்றன. விடியலுக்கு முன் இவ்வழுத்தம் உச்சத்தில் நிற்கும். 1960களில் மலாயா ரப்பர் ஆராய்ச்சிக் கழகத்தில் பட்டரி, போட்மன் என்னும் இருவர் இதனை நேரடியாக அளந்தபோது, பத்து வளிமண்டல அழுத்தத்தை ஒட்டியும் அதற்கு மேலும் இருக்கக் கண்டனர். அவ்வேளையில் கத்தி பட்டால் பால் விரைந்து இறங்கி நெடுநேரம் வடியும். வெயில் ஏற ஏற அழுத்தம் குறைகிறது; வெட்டிய வாயில் பால் விரைவில் உறைந்து அடைத்துக்கொள்கிறது. இதனை மரத்தின் உயிர்க்கடிகாரம் என்று முழுமையாகச் சொல்லிவிட முடியாது. பெரும்பகுதி நீரின் வரவுசெலவுக் கணக்கு. ஆனால் இலைத்துளைகள் திறப்பதிலும் மூடுவதிலும் ஒளியோடு செடியின் உட்கடிகாரத்துக்கும் பங்குண்டு. அந்த அளவில் கித்தாத் தொழிலாளர் தம் உறக்கத்தை ஒரு மரத்தின் இரவோடு பிணைத்துக்கொண்டவர் ஆவர்.

ஒரு நிரையில் நானூறு, ஐந்நூறு மரங்கள். பொழுது ஏறுமுன் அத்தனையையும் சீவி முடிக்க வேண்டும் என்றால் தொடங்குவது இருட்டில்தான். நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு காட்டுக்குள் நுழைவதற்கு முன்பே பெரட்டு நடக்கும். ஆங்கிலப் 'பரேட்' தமிழரின் நாவில் 'பெரட்டு' ஆயிற்று. இலங்கையின் தேயிலைத் தோட்டங்களிலும் இதே சொல் வழங்குகிறது. பெரட்டில் பெயர் கூப்பிடுவதற்குள் வந்து நிற்காதவருக்கு அன்று வேலையில்லை என்று கிராணி திருப்பி அனுப்பியதும் உண்டு. பெண்கள் அதற்கும் ஒரு மணி நேரம் முன்பே எழுந்து அடுப்பு மூட்டினர். உறங்கும் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு போய் ஆயாக் கொட்டகையில் விட்டனர். பால் எடுத்து, வாளிகளைக் காண்டாவில் சுமந்து, நிறுத்துக் கொடுத்துத் திரும்ப நண்பகலாகும். அந்தி சாய்ந்து சிறிது நேரத்தில் லயம் அடங்கிவிடும்.

தோட்டத்து முதியோரின் பேச்சைப் பதிவுசெய்த ஆண்டுகளில், விடியலுக்கு முந்தைய இரண்டு மூன்று மணி நேரத்துக்கு மட்டும் அவர்களிடம் இருந்த சொல்வளம் நம்மை வியக்க வைத்தது. நடுச்சாமம், பின்சாமம், கோழிகூப்பாடு, விடிவெள்ளி முளைக்கும் நேரம், கருக்கல், விடியக்காலம், பொழுது கிளம்பும் நேரம் என்று படிப்படியாகப் பிரித்துச் சொல்வர். சீக்கிரம் என்பதற்கு 'வெள்ளென' என்பர். வெளிச்சத்தைக் குறிக்கும் 'வெள்' அதன் அடிச்சொல். நண்பகலுக்குப் பிந்தைய பொழுதுக்கு இத்தனை சொற்கள் இல்லை. எந்த நேரம் வாழ்க்கைக்கு வேண்டியதோ அந்த நேரத்தில் மொழி அடர்கிறது.

இவற்றுள் 'கோழிகூப்பாடு' வெறும் உருவகமன்று. சேவல் விடியலைக் கண்டு கூவுவதாக நாம் எண்ணுகிறோம். சப்பானின் நகோயாப் பல்கலைக்கழகத்தில் 2013இல் வெளியிடப்பட்ட ஆய்வு, மாறாத மங்கல் ஒளியில் அடைத்த சேவல்களும் விடியல் வராமலேயே நாளொட்டிய சுழற்சியில் கூவுவதைக் காட்டியது. வெளிச்சத்துக்கு ஏறத்தாழ இரண்டு மணி நேரம் முன்பே அவை கூவத் தொடங்கும். லயத்துக் கோழி தன் உள்ளிருந்த கடிகாரத்தைப் பார்த்தே நேரம் சொல்லியது என்பது இதனால் விளங்குகிறது.

தோட்டத்தில் எல்லாரும் ஒரே நேரத்தில் எழுந்ததற்குப் பெரட்டு மணியும் ஒரு காரணம். சில தோட்டங்களில் மணி, சிலவற்றில் மரத்தில் தொங்கவிட்ட தண்டவாளத் துண்டு, பிற்காலத்தில் சங்கு. ஆனால் மணிக்கு முன்பே பக்கத்து வீட்டுக் கதவின் ஓசையும் அடுப்புப் புகையும் எழுப்பிவிடும் என்பார்கள். உடன் வாழ்வோரின் நடமாட்டம் ஓர் உயிரின் கடிகாரத்தைத் திருத்த வல்லதா? இக்கேள்விக்குத் தமிழகத்திலேயே விடை தேடப்பட்டது. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் இந்தியாவின் காலவுயிரியல் ஆய்வுக்கு அடித்தளமிட்ட பேராசிரியர் மா. கி. சந்திரசேகரன், மாரிமுத்து முதலிய மாணவருடன் மதுரைக்கு அருகிலுள்ள குகையொன்றில் வௌவால்களை ஆராய்ந்தார். ஒளியே புகாத அக்குகையின் உட்பகுதியில் தனியே அடைக்கப்பட்ட வௌவால், சுற்றிலும் தன் கூட்டம் வாழ்ந்தபோது அக்கூட்டம் மாலையில் வெளியேறும் நேரத்தை ஒட்டியே இயங்கியது. கூட்டமில்லாத குகையில் அதன் சுழற்சி 24 மணியிலிருந்து விலகிச் சென்றது. 1980களின் தொடக்கத்தில் வெளியான இம்முடிவுகள் உலகில் கவனம் பெற்றன. மனிதரைக் கடிகாரமும் கதிரொளியும் இன்றித் தங்கவைத்து ஆராயும் அறையும் அதே பல்கலைக்கழகத்தில் இயங்கியது. மனிதருக்கு ஒளியே வலிமையான குறிப்பு. உடன் வாழ்வோரின் ஓசை அதற்கு அடுத்ததே. வைகறைக் காட்டில் வேலை செய்தவருக்கு இரண்டும் வாய்த்தன. விடியலின் முதலொளி நாள்தோறும் அவர்கள் கண்ணில் பட்டது. இருட்டில் எழுவது கடினம்தான். ஆனால் அது நாள்தோறும் மாறாத கடினம். பேராக் மாநிலத்தில் ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் ஏறத்தாழ அரைமணியே வேறுபாடு. ஆகவே உடல் பழகிக்கொள்ள இடமிருந்தது.

இனி மணியின் கதைக்கு வருவோம். ஈப்போவில் மாநிலப் பள்ளிவாசலின் எதிரே நிற்கும் மணிக்கூண்டு 1909இல் எழுப்பப்பட்டது. 1875இல் பாசிர் சாலாக்கில் கொல்லப்பட்ட முதல் ஆட்சிப் பேராளர் பர்ச்சின் நினைவுச் சின்னம் அது. ஆங்கில ஆட்சி தன் அலுவலரின் நினைவைப் போற்றத் தேர்ந்த வடிவம் கடிகாரமாக அமைந்ததை நாம் தற்செயலாகக் கருதவில்லை. ஈப்போவின் உண்மையான கதிரவ நேரம் கிரீனிச்சுக்கு 6 மணி 44 நிமிடம் முன்னது. 1901இல் தீபகற்பத்தின் கடிகாரங்கள் சிங்கப்பூரின் நேரத்துக்கு மாற்றப்பட்டன; அது 6 மணி 55 நிமிடம். 1905 ஜூன் முதல் 7 மணி நேரம். 1933இல் மாலை வெளிச்சத்தைக் கூட்டுவதற்காக 7 மணி 20 நிமிடம். 1941 செப்டம்பரில் 7 மணி 30 நிமிடம். 1942இல் சப்பானியர் தோக்கியோ நேரத்தைப் புகுத்த, அது 9 மணி நேரம் ஆயிற்று. 1945இல் பழைய ஏழரை திரும்பியது. 1982 சனவரி முதல் நாள், சபா சரவாக்கோடு ஒரே நேரம் வேண்டுமென்று தீபகற்பம் முழுவதும் அரைமணி முன்தள்ளி 8 மணி நேரத்தை ஏற்றது. 81 ஆண்டுகளில் ஏழு மாற்றங்கள்.

ஈப்போவின் ஒரு சராசரி விடியல் 1905க்குப் பின் ஆறு மணி பன்னிரண்டு நிமிடத்தில் நிகழ்ந்தது. சப்பானியர் காலத்தில் அதே விடியல் எட்டு மணி பன்னிரண்டு நிமிடத்தில் நிகழ்ந்தது. இன்று ஏழு மணி பன்னிரண்டு நிமிடத்தில் நிகழ்கிறது. கதிரவன் ஒரு நொடியும் முந்தவில்லை, பிந்தவில்லை. பள்ளிவாசலில் வைகறைத் தொழுகைக்கான பாங்கு கதிரவனைக் கொண்டே கணிக்கப்படுவதால், கடிகார எண் மாறினும் அது ஒலிக்கும் பொழுது மாறவில்லை. பால்மரமும் அப்படியே. தோட்டத்தில் ஒவ்வொரு மாற்றத்தின்போதும் பெரட்டின் எண்ணை மாற்றியாக வேண்டும். இல்லையேல் ஆட்கள் மரம் கேட்பதற்கும் முன்னதாகவே உறக்கம் கலைந்து நிற்க நேரும். பொழுதைக் கொண்டு பேசிய முதியோருக்கு இக்குழப்பம் இல்லை. 'கருக்கலில் பெரட்டு' என்ற தொடர் 1905இலும் பொருந்தும், 1982க்குப் பின்னும் பொருந்தும்.

மணிக்கும் பொழுதுக்கும் இடையே ஆட்சி குறுக்கிட்ட கொடிய காலமும் ஒன்றுண்டு. 1948 ஜூனில் சுங்கை சிப்புட் தோட்டங்களில் மூன்று ஆங்கிலேயர் கொல்லப்பட்டதை அடுத்து அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. முள்வேலிக்குள் குடியமர்த்தப்பட்ட மக்கள் ஊரடங்கு நீங்கும்வரை வேலி தாண்ட இயலாது; மரம் அதற்காகக் காத்திருக்கவில்லை. 1952 மார்ச்சில் தஞ்சோங் மாலிமில் ஆளுநர் டெம்ப்ளர் நாளில் 22 மணி நேர ஊரடங்கை விதித்தார். வைகறை வேலையால் பிழைத்த ஊருக்கு அது எத்தகைய தண்டனை என்பதை விளக்க வேண்டியதில்லை.

1950களின் இறுதியிலிருந்து தோட்டங்கள் துண்டாடப்பட்டன. சுங்கை சிப்புட்டின் துன் வீ. தி. சம்பந்தன் முன்னின்று 1960இல் தொடங்கிய தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம் சில தோட்டங்களைத் தொழிலாளர் பெயரில் காத்தது. எஞ்சியவற்றில் பெரும்பாலானவை பின்னர்ச் செம்பனைக்கு மாறின. செம்பனைக் குலையைப் பறிக்க விடியலுக்கு முந்தைய அழுத்தம் தேவையில்லை. பழம் தெரியும் வெளிச்சம் போதும். மரம் மாறியபோது தோட்டத்தின் பொழுதும் மாறிற்று. கருக்கல் என்ற சொல்லுக்கு அங்கு வேலை இல்லாமற்போனது. வரலாற்று நூல்கள் நிலத்தையும் கூலியையும் எழுதியுள்ளன. இந்த மாற்றத்தை எழுதவில்லை.

தோட்டம் விட்டவர் பலர் ஈப்போவைச் சூழ்ந்த தொழிற்பேட்டைகளுக்கு வந்தனர். அங்கே புதியதொரு சொல் காத்திருந்தது: சிப்டு. ஒரு வாரம் காலை, ஒரு வாரம் மாலை, ஒரு வாரம் இரவு. வைகறையில் எழுந்த பாட்டியின் உழைப்பையும் இரவு முழுதும் விழிக்கும் பேத்தியின் உழைப்பையும் ஒன்றாக எண்ணுவோர் உண்டு. உடலுக்கு இவை வேறானவை. பாட்டியின் நேரம் முன்னது, ஆனால் நிலையானது. விடியலொளி அதற்குத் துணை நின்றது. பேத்தியின் கடிகாரம் ஒரு வாரத்துக்குள் இரவைப் பகலாக்கிப் பழகுமுன் அட்டவணை மாறிவிடுகிறது. உண்ணும் நேரத்தில் செரிமானம் ஆயத்தமாக இல்லை. உறங்க வேண்டிய நேரத்தில் வெளியே கொளுத்தும் வெயில். நாளொட்டிய சுழற்சியைக் குலைக்கும் இரவுப்பணியைப் புற்றுநோய் விளைவிக்கக் கூடியவற்றுள் ஒன்றாகப் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 2007இல் வகைப்படுத்தியது. 2019இல் அதனை மீண்டும் உறுதிசெய்தது.

இன்றைய மாணவரின் நிலையைப் பார்ப்போம். ஒரே கடிகாரத்தைப் பின்பற்றும் செருமனி நாட்டில், கிழக்கு எல்லையில் கதிரவன் எழுந்து 36 நிமிடம் கழித்தே மேற்கு எல்லையில் எழுகிறான். அங்கு தில் ரோன்னபெர்க்கு குழுவினர் 2007இல் வெளியிட்ட ஆய்வு, மேற்கே செல்லச் செல்ல மக்களின் உறக்கமும் கதிரவனைப் பின்பற்றித் தள்ளிப்போவதைக் கண்டது; விளக்கொளி மிகுந்த பெருநகரங்களில் மட்டும் அவ்விணைப்பு தளர்ந்திருந்தது. சுவரில் ஒரே எண் இருப்பினும் உடல் ஊர்ப்பொழுதையே கேட்கிறது. ஈப்போவின் சுவர்மணி அவ்வூர்ப்பொழுதைவிட 75 நிமிடம் முந்தி நிற்பதை மேலே கண்டோம். அதன்மேல் பதின்ம வயது வந்து சேர்கிறது. அவ்வயதில் உட்கடிகாரம் இயல்பாகவே பின்தள்ளுகிறது. இருபதை ஒட்டி அது உச்சம் அடைந்து பின் மெல்ல முன்னோக்கித் திரும்புகிறது. முதுமையில் மேலும் முன்னே வருகிறது. தோட்டம் மூடி முப்பது ஆண்டான பின்பும் நான்கு மணிக்கு விழித்துக் கூடத்தில் அமர்ந்திருக்கும் தாத்தாவும், ஆறு மணிக்கு மும்முறை எழுப்பியும் எழாத பேரனும் ஒரே அடுக்ககத்தில் வாழ்கின்றனர். தாத்தாவின் விழிப்பைச் சுறுசுறுப்பு என்றும் பேரனின் உறக்கத்தைச் சோம்பல் என்றும் அழைக்கும் வழக்கம் நம் வீடுகளிலும் வகுப்பறைகளிலும் வேரூன்றியுள்ளது. இருவரிடமும் வேலை செய்வது அந்த 20,000 நரம்பணுத் திரளே. வயது மட்டுமே வேறு. பேரனின் கைப்பேசி ஒளி அதனை இன்னும் பின்தள்ளுகிறது என்பதும் உண்மை. அந்தப் பகுதி மட்டுமே அவன் திருத்திக்கொள்ளக் கூடியது.

நம் நாட்டுப் பள்ளிகள் பெரும்பாலானவற்றில் காலை வகுப்பு ஏழரை மணியை ஒட்டித் தொடங்குகிறது. ஈப்போவில் கதிரவன் எழுவது மே மாதத்திலும் நவம்பர்த் தொடக்கத்திலும் ஏழு மணியை ஒட்டி. பிப்ரவரி நடுவில் ஏழரை மணிக்கு. அம்மாதத்தில் பேருந்துக்காகச் சாலையோரம் நிற்கும் மாணவர்கள், தங்கள் பாட்டன் பெரட்டுக்கு நின்ற அதே கருக்கலில் நிற்கின்றனர். அவர்கள் வகுப்பில் அமர்ந்து பள்ளி மணி ஒலிக்கையில்தான் கிந்தா பள்ளத்தாக்கின் கிழக்கு மலைகளுக்கு அப்பால் பொழுது கிளம்புகிறது.